ஒழுகுகிற ஓரம்

குற்றாலத்தில், அருவிக்குப் போகும் கூட்டம் திரும்பிப் பார்க்காத ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கட்டியது. கோபுரம் கிடையாது. ஓட்டுக் கூரை தாழ்வாக இறங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீடு போலத் தெரியும். உள்ளே சுவர்க் கற்களுக்குப் பூச்சு இல்லை. உளி பட்ட தடம் அப்படியே இருக்கும். தேக்கு உத்திரங்களை இரும்பு ஆணி இல்லாமல் மரமுளை அடித்துப் பூட்டியிருப்பார்கள். எது எதைத் தாங்குகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தப் பாணி. அதற்கு ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்று பெயர் இருப்பது பின்னாளில் தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெஞ்சுகள்தான். உள்ளூர் ஆசாரிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் உருவம் செதுக்கியிருந்தார்கள். ஒன்றில் பலாப்பழம், ஒன்றில் மிளகுக்கொடி. பின்வரிசையில் அம்மா வழக்கமாக உட்காரும் பெஞ்சில் சிங்கவால் குரங்கு.

பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். நடுவில் ஒருவர் மட்டும் நடக்கிற அகலத்தில் பாதை. அம்மா நர்ஸ் வேலைக்குக் குவைத் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, தென்காசியிலிருந்து அப்பாவும் நானும் மட்டும் பஸ்ஸில் போனோம். முன் பெஞ்சில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது எல்லாம் பார்க்கும் கோயில்குட்டியார் வந்தார்.

"ஏட்டி, பொட்டப்பிள்ள இங்கன இருக்கக் கூடாதுல்லா. அந்தப் பக்கம் போ."

அப்பா என்னைப் பார்த்தார். "போ. அம்மா எடத்துல இருந்துக்கோ" என்றார்.

நீள பெஞ்சில் நான் மட்டும். குரங்கின் வாலைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவைப் போல அப்பாவும் போய்விடுவார் என்று பயம். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது; பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அதுவும் மறைந்தது. அழுதேன். துடைக்க ஆள் இல்லாததால் கண்ணீர் தானாகக் காய்ந்தது.

அடுத்த வாரம் அப்பா முன் பெஞ்சுக்குப் போகவில்லை. பாதைக்கு அந்தப்புறம், என் பெஞ்சுக்கு நேராக, ஓரத்தில் உட்கார்ந்தார். சாரல் காலம். ஓட்டில் விரிசல். தண்ணீர் சரியாக அந்த ஓரத்தில்தான் சொட்டும்.

"அண்ணாச்சி, அங்கன ஒழுகுதுல்லா. முன்ன பெஞ்சு காலியாத்தான கெடக்கு?" என்றார் கோயில்குட்டியார்.

"இருக்கட்டும். இங்கன காத்து நல்லா வருது."

"மண்டையில தண்ணி சொட்டுது, காத்துங்காரு!"

பெண்கள் பக்கம் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அந்தச் சாரல் முழுக்க அப்பாவின் இடது தோள் நனைந்தது. அவர் என் பக்கம் திரும்பியதே இல்லை. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் மட்டும் திறந்து பார்ப்பேன். ஜன்னலின் பச்சைக் கண்ணாடி வெளிச்சம் விழுந்த ஈரச் சட்டை, கை எட்டும் தூரத்தில் இருக்கும். மறுபடி மூடிக்கொள்வேன்.

அடுத்த சாரலுக்கு அம்மா திரும்பி வந்துவிட்டாள். அந்த ஞாயிறு குரங்குப் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். பாதைக்கு அப்பால் அந்த ஓரம் காலி. வெறும் மரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா முன் பெஞ்சில், காய்ந்த சட்டையோடு இருந்தார்.

கோயில்குட்டியார் சொன்னதை அப்பா ஒருவழியாகக் கேட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.