அம்மாவைக் கடித்த பூச்சி

எங்கள் பெரியப்பாவை எட்டுக்கால் பூச்சி கடித்த கதையை வீட்டில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அம்மாவைக் கடித்த கதையையும் அப்படியேதான். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். நான் எழுந்து போய்விடுவேன். எனக்குக் கோபம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தேவாரம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். ஓட்டு வீடு, பின்னால் விறகு அடுக்குவதற்கு ஒரு சாய்ப்பு. மலையிலிருந்து விறகு வரும்போது கூடவே பூச்சிகளும் வந்து இறங்கும். மூலையில் வலை பின்னிக்கொண்டு கிடக்கும் சின்னப் பூச்சிகளைச் சொல்லவில்லை. இது உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பெல்லாம் முடி, காலில் மஞ்சளும் சாம்பலுமாகப் பட்டை. சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். கடித்தால் ஆள் தப்பாது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஆனால் வலி பொய்யில்லை.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் பெரியப்பாவைக் கடித்தது. விறகு அடுக்குக்குள் கையை விட்டார், கடித்துவிட்டது. அங்கே அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பிராந்தி பாட்டிலை அவர் ஒளித்து வைக்கிற இடம் அதுதான் என்று எனக்கே தெரியும் என்றால், மற்றவர்களுக்குத் தெரியாதா என்ன?

அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. காலை நேரம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய் அதை மறித்தார். உள்ளே தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரையும் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேலை போயிற்று. பெரியப்பாவை மட்டும் படுக்க வைத்துத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை வீங்கி, தசையெல்லாம் இழுத்து இழுத்து வலித்ததாம். திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்கு ஆட்டுக்கால் சூப். அம்மாதான் வைத்தாள்.

சூப்பைக் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வீட்டுல ரெண்டு பொம்பளைக இருந்து என்ன புண்ணியம்? ஒழுங்கா ஒட்டடை அடிச்சா பூச்சி எதுக்கு அண்டுது?"

பூச்சி கடித்தது அவரை, குற்றவாளி அம்மாவும் பெரியம்மாவும். அன்றைக்கே இரண்டு பேரும் சாய்ப்பைக் காலி பண்ணினார்கள். பெரியம்மா விளக்குமாற்றால் ஒரு பெரிய பூச்சியை ஓங்கி அடித்தாள். அடி சரியாக விழவில்லை. ஒரு கால் மட்டும் துண்டாகிக் கீழே கிடந்தது. பூச்சி விறகுக்குள் ஓடி மறைந்துவிட்டது. அதற்கப்புறம் அது அடிக்கடி கண்ணில் படும். வீட்டில் எல்லோருக்கும் அதைத் தெரியும். நான் அதற்கு ஏழுகாலி என்று பேர் வைத்தேன்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்போது எனக்குத் தெரியாத விஷயம், நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பெரியம்மாவிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா, "தானா அமுங்கிரும்த்தா. இதையெல்லாமா ஆம்பளைககிட்டப் போய்ச் சொல்லுவாக?" என்றிருக்கிறாள். அப்பாவிடம் சொன்னால் அவர் அண்ணனைக் கேட்க வேண்டும். அவர் செருப்பு வாங்குவதற்கே அண்ணனைக் கேட்பவர். பெரியப்பா எதிரில் அம்மா நின்று பேசியதே இல்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் ஒரு வார்த்தை நேராகப் பேசாதவள், மார்பில் கட்டி என்று எப்படிச் சொல்வாள்? சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாள்? எங்கள் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குப் போவார்கள், சாவு விழுந்தால் போவார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு ஊருக்கு வெளியே வேலை கிடையாது.

பெரியப்பா திரும்பி வந்த சமயத்தில் அம்மா அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆஸ்பத்திரில டாக்டரம்மா இருக்காகளா?"

"இருக்காக. அண்ணனுக்கு ஊசி போட்டதே ஒரு டாக்டரம்மாதான்."

"பூச்சி கடிச்சு வர்றவுகள அவுகதான் பாப்பாகளா?"

"யாராச்சும் பாப்பாக. உனக்கு எதுக்கு அது?"

"சும்மாதான்" என்றாள் அம்மா. மறுநாளும் அதையே வேறு மாதிரி கேட்டாள்.

அது ஒரு சனிக்கிழமை. காலையிலேயே எனக்கு வீரம் வந்துவிட்டது. ஏழுகாலியைப் பிடித்துத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவு செய்தேன். பெரியப்பாவைக் கடித்த சாதிப் பூச்சியைப் பார்க்க வகுப்பில் எல்லோரும் துடித்துக்கொண்டிருந்தார்கள். சாய்ப்புச் சுவரில் அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. காலி ஊறுகாய் பாட்டிலை மேலே கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் சொருகி, அப்படியே நிமிர்த்தி மூடிவிட்டேன். மூடியில் ஏற்கெனவே ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். பாட்டிலைக் கட்டிலுக்கடியில் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

வெயில் ஏறித் திரும்பி வரும்போது வாசலில் கூட்டம். அம்மா பெரியம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விறகு எடுக்கப் போனேன்க்கா. அந்த ஏழுகாலிதான். மேல விழுந்து இங்கன கடிச்சிருச்சு."

பெரியப்பாவுக்கு உடனே ஜீப் வந்தது. அம்மாவுக்கு முதலில் வேப்பிலை வந்தது. எங்கள் பக்கம் விஷக்கடி என்றால் வேப்பிலையைத் தின்னக் கொடுப்பார்கள். கசந்தால் ஒன்றுமில்லை, இனித்தால் விஷம் ஏறிவிட்டது. பெரியப்பாதான் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு அன்றைக்கு ஏன் யாரும் இலை கொடுக்கவில்லை என்று நான் இப்போது கேட்கிறேன். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

அம்மா ஒரு கொத்தை உருவி வாயில் போட்டு மென்றாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நன்றாக மென்று விழுங்கினாள்.

"இனிக்கிதுக்கா" என்றாள்.

கீழே விழுந்த ஓர் இலையை நானும் எடுத்து மென்றேன். குமட்டியது. விஷம் ஏறியவர்களுக்கு அது எப்படி இனிக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெரியம்மா சேலைக்கு மேலேயே கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஆமா, கல்லாட்டம் வீங்கிருக்கு" என்றாள். கடித்த இடத்தைக் காட்டச் சொன்னபோது அம்மா விடவில்லை. "டாக்டரம்மாகிட்டக் காட்டிக்கிறேன்" என்றாள். பெரியப்பா வேறு வழியில்லாமல் ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "இந்தப் பூச்சி கடிச்சா ஆளு பொழைக்காதே. அவுக ஆம்பள, தாங்கிட்டாக. இவ தாங்குவாளா?" என்றாள்.

நான் கத்தி அழ ஆரம்பித்தேன். ஜீப் வந்து நின்றது. அம்மா ஒரு காலை எடுத்து ஜீப் படியில் வைத்தாள். அந்தக் கால் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. ஏழுகாலி காலையிலிருந்து என் பாட்டிலில் அல்லவா இருக்கிறது!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உள்ளே பாய்ந்து போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஜீப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"ஏழுகாலி இங்கன இருக்கு! காலையிலயே புடிச்சிட்டேன்! அம்மாவ அது கடிக்கல! அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது!"

பெரியப்பா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால்களை எண்ணினார். ஏழு. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் அப்பாவும் சிரித்தார். கூட்டம் சிரித்தது. ஜீப்காரர்கூடச் சிரித்தார். வேறு ஒரு பூச்சி கடித்திருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்ப வேண்டுமே என்று அம்மாதான் குறிப்பாக ஏழுகாலி என்று சொல்லியிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"தேனியச் சுத்திப் பாக்கணும்னா சொல்ல வேண்டியதுதான? இதுக்குப் போயி வேப்பிலையத் தின்னுக்கிட்டு!" என்றார் பெரியப்பா, அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து.

அம்மா படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். மத்தியானச் சாப்பாடு அன்றைக்குக் கொஞ்சம் தாமதம். அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்குப் பெரியப்பாமீது கோபம் உண்டு. அப்பாமீது அதைவிட அதிகம் உண்டு. ஆனால் ஆறவே ஆறாத கோபம் பெரியம்மாமீதுதான். மற்றவர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள். அவள் கட்டியைத் தொட்டுப் பார்த்தவள். கடிக்காத இடம் எப்படிக் கல்லாக வீங்கும்? அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜீப் வாசலில்தான் நின்றது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு அம்மா அசதியாக ஒரு நிமிஷம் உட்கார்ந்தால்கூடப் பெரியப்பா அப்பாவிடம் கேட்பது காதில் விழும். "என்னடா தம்பி, இன்னைக்கு எந்தப் பூச்சி கடிச்சுச்சாம்?" அம்மா உடனே எழுந்துவிடுவாள். இரண்டு வருஷம் இப்படி எழுந்துகொண்டே இருந்தாள். கட்டி உடைந்து வாடை வந்தபிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் அம்மா இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெரியப்பா சொன்னார்: "ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லிருந்தா நாங்க பாத்திருக்க மாட்டமா?"

அவர் கண் கலங்கித்தான் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பாட்டிலைக் கொண்டுவந்து காட்டியது நான்தான். யாரும் அதற்காக என்னைக் குறை சொன்னதில்லை, அம்மா உட்பட. நானே சொல்லிக்கொள்கிறேன், போதும். ஆனால் அன்று சாயங்காலம் நடந்த ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் மற்றவர்கள் எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமே என்று நான் சிணுங்கிக்கொண்டே பின்னால் போனேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். பாட்டிலைப் படுக்கப் போட்டு, அதன் வாய்க்கு நேராக வலது கையை விரித்து வைத்தாள். ஏழுகாலி மெல்ல வெளியே வந்து அவள் உள்ளங்கையில் ஏறி நின்றது. அம்மா இடது கை விரலால் அதன் முதுகில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். அது முன்னங்கால்களைத் தூக்கியது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கால்களை இறக்கிக்கொண்டு, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறி, அங்கிருந்து விறகுக்குள் தாவி ஓடிவிட்டது.

நான் கைதட்டினேன். "பாத்தியாம்மா! உன்னைய அது ஒண்ணுமே செய்யல. நல்ல பூச்சி."

அம்மா கண்ணைத் திறந்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஆமாத்தா. ஒண்ணும் செய்யல."

பாட்டில் காலியாகிவிட்டதே என்ற வருத்தம்கூட எனக்கு இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: எங்கள் பெரியப்பா பயந்தாங்கொள்ளி, எங்கள் அம்மா அந்தப் பூச்சியைக் கையிலேயே ஏற விட்டாள், அவளுக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லை.