சிவப்புப் பென்சிலில் வந்த பதில்

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் "போதும்மா, உட்காருங்க" என்று கெஞ்சுகிற அளவுக்குப் பேசுகிறவள் நான். சபையில் சாட்சி சொல்ல மட்டும் என்னால் முடியவில்லை. மூன்று முறை எழுந்தேன். மூன்று முறையும் "ஸ்தோத்திரம்" என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததை மூடி வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகி இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். புத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்த என் நைனாவும் முந்தின மழைக்காலத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மிஷன் அவருக்குக் கொடுத்திருந்த வீட்டில் புது உபதேசியார் குடும்பம் வந்துவிட்டது. லீவு விட்டால் போவதற்கு எனக்கு ஊர் இல்லை. இந்த நிலையில் தை மாதம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, தமிழ் படிக்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஜூன் முதல் தமிழ் வகுப்பு கிடையாது என்று சொன்னார்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு வழி. சட்டம் படிக்க வேண்டும் என்பது என் பழைய ஆசை. எங்கள் கிராமத்து அக்கா ஒருத்தி நிலத் தகராறில் கோர்ட் ஏறி, அங்கே பேசிய தெலுங்கும் புரியாமல் இங்கிலீஷும் புரியாமல், கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு நிலத்தை விட்டுவிட்டு வந்தாள். அன்று பிடித்த ஆசை அது. அந்த வருஷம் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்க்கைப் பரீட்சை வைத்தார்கள். தேறினால் படிப்பும் உண்டு, ஹாஸ்டலும் உண்டு. தேறாவிட்டால் ஜூன் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் நடப்பது என்றே தெரியாது.

பரீட்சையில் பாதி இங்கிலீஷ். அதில் எனக்குப் பயமில்லை. மறு பாதி தர்க்கம். இரண்டு வரி கொடுப்பார்கள், அவற்றிலிருந்து என்ன முடிவு வரும் என்று எழுத வேண்டும். சித்தூரில் ஒரு டியூட்டோரியலில் பயிற்சித் தாள்கள் வாங்கி வந்து, தினமும் பள்ளி விட்டதும் இருபது கேள்விகள் போட்டேன். விடைகள் கடைசித் தாளில் இருந்தன. சரி பார்த்தால் இருபதுக்கு ஏழு. மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் ஆறு! பி.ஏ. படித்தவள் நான். எங்கே தப்பு என்றே பிடிபடவில்லை.

ஒரு கேள்வியைத் தமிழில் சொல்கிறேன். "எல்லா மீன்களும் மரம் ஏறும். விரால் ஒரு மீன். ஆகவே?" மீன் மரம் ஏறாது, எனவே ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதினேன். விடைத் தாளில் "விரால் மரம் ஏறும்" என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய்யை எழுதச் சொல்லி ஒரு பரீட்சையா? இன்னொன்று: "எல்லாப் பசுக்களுக்கும் நாலு கால். லட்சுமிக்கு நாலு கால். ஆகவே லட்சுமி பசு." இது சரி என்று எழுதினேன். லட்சுமி என்று பசுவுக்குத்தானே பேர் வைப்பார்கள்? அதுவும் தப்பாம்.

நான் இருந்தது ஒரு சத்திரத்தை ஒட்டிய மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் மலைக்குப் போகிறவர்களும், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திரும்புகிறவர்களும். இன்று சிரித்த முகம் நாளை மறுநாள் இருக்காது. வேறு முகம் வரும். அத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னை "சாப்பிட்டியா" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்போது எப்போதும் ஆந்திரா, மதராஸ் எல்லைப் பேச்சுதான். சித்தூர் யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தமிழ்க்காரி வந்துவிட்டாள் என்று நிறுத்துகிறார்கள் என எடுத்துக்கொண்டேன். நானும் ரோஷக்காரி. வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை யாரிடமும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. முடிந்ததும் அவரவர் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

ஜெபித்தேன். "ஆண்டவரே, சரியான பதிலைக் காட்டும்" என்று ஒவ்வொரு நாளும் நோட்டைத் திறக்குமுன் முழங்காலில் நின்றேன். ஆறும் ஏழும்தான் வந்தன.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வியாழக்கிழமை. அன்று இருபதுக்கு நாலு. நோட்டின் அடுத்த பக்கத்தில், பயிற்சித் தாளில் இருப்பது மாதிரியே மூன்று வரி எழுதினேன். கர்த்தர் தம்முடைய பிள்ளைகளின் விண்ணப்பத்தைக் கேட்கிறார். என் விண்ணப்பத்தை அவர் கேட்கவில்லை. ஆகவே நான் அவருடைய பிள்ளை அல்ல. இங்கிலீஷில்தான் எழுதினேன். தமிழில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. திருப்பித் திருப்பிப் படித்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. அத்தனை நாளில் நான் ஒழுங்காகப் போட்ட ஒரே கணக்கு அதுதான். அன்று அழுத அழுகையை நைனா இறந்த அன்றுகூட அழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதிலைக் காட்டும் என்று கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. "யாராவது ஒருத்தர் என்கிட்ட பேசட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று மத்தியானம் நோட்டைக் காணோம். பிள்ளைகளின் நோட்டுகளைப் போலவே பழுப்பு அட்டை போட்ட நோட்டு. ஆசிரியர் அறை மேஜையில் இருந்த பிள்ளைகளின் கணக்கு நோட்டுக் கட்டின்மேல் என் கையாலேயே வைத்துவிட்டேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டு அனசூயா டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது. அனசூயா கணக்கு டீச்சர். என் வயதுதான் இருக்கும். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், சனிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். எனக்கு மானம் போயிற்று. அந்தக் கடைசிப் பக்கத்தை அவர் படித்தால்? சனியும் ஞாயிறும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆராதனைக்கும் போகவில்லை.

திங்கட்கிழமை நோட்டு என் நாற்காலிமேல் இருந்தது. திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்புப் பென்சிலில் திருத்தியிருந்தது! டிக், இன்ட்டு, ஓரத்தில் மார்க்கு. விரால் கேள்வியின் பக்கத்தில், "நிஜமா என்று யார் கேட்டது?" லட்சுமியின் பக்கத்தில், "ஆடாகவும் இருக்கலாமே." எல்லாம் இங்கிலீஷில். கடைசிப் பக்கத்தில் என் மூன்று வரிக்கும் சேர்த்து ஒரு பெரிய டிக். இரண்டாவது வரியின் அடியில் மட்டும் அழுத்தி ஒரு கோடு. அதன் பக்கத்தில் தெலுங்கில் ஏதோ. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இதி எவரு செப்பாரு?" இது யார் சொன்னது என்று கேட்டிருந்தார்.

நேராக அவர் வகுப்புக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன்.

"மத்தவங்க நோட்டைத் தொறந்து பாக்கலாமா டீச்சர்?"

"ஐயய்யோ, பிள்ளைங்க நோட்டுன்னு ரெண்டு பக்கம் திருத்திட்டேன் கிருபாமணி. மூணாவது பக்கத்துலதான் உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் மூடி வெக்கறதுதானே?"

"எப்படி மூடறதண்டி? தப்பு தப்பா போட்டு வெச்சிருக்கீங்க. கை சும்மா இருக்கமாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாகப் போனவள் பெஞ்சியில் உட்கார்ந்தேன்.

"பொய்ய எப்படிம்மா எழுதறது? நான் உபதேசியார் பொண்ணு."

"பொய் சொன்னது கேள்வி போட்டவன். அந்த ரெண்டு வரிய ஒத்துக்கினா மூணாவது வருமா வராதா, அதான் உங்கள கேக்கறான். ஊர் நியாயத்த ஏன் உள்ள கொண்டாறீங்க?"

அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. இரண்டு மாதம் நான் முட்டிக்கொண்ட சுவர் அது. நைனா எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது, மெய் எது பொய் எது என்று முதலில் பார் என்பதுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டதைப் பார்க்கவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடைசிப் பக்கம் சரியாத்தான் வருது. அதான் டிக் போட்டேன். ஆனா, மத்ததுல எல்லாம் வரிய பரீட்சைக்காரன் குடுத்தான். இதுல ரெண்டாவது வரிய உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

யாரும் கொடுக்கவில்லை. நானே எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை நான் ஜெபித்தபோது நோட்டு என் கையில்தான் இருந்தது. மத்தியானம் அது அவரிடம் போய்விட்டது. கேட்கவில்லை என்று நான் யாரைச் சொன்னேன்? வகுப்பறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. "டிபன் சாப்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்றேன். தம் டப்பாவைத் திறந்து பாதிப் புளிசாதத்தை மூடியில் வைத்து நகர்த்தினார்.

"நாங்க பேச வந்தா நீங்க மூஞ்ச திருப்பிக்கறீங்க. தமிழ்க்காரங்களுக்கு நம்மள புடிக்கலன்னு நாங்க பேசிக்குவோம்" என்றும் சொன்னார்.

அன்று முதல் பரீட்சை வரை பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார். கேள்விகளை அவரே செய்வார். "சித்தூர் ஜில்லா தமிழங்க எல்லாரும் மதராஸோட சேரணும்ங்கறாங்க. கிருபாமணி சித்தூர் ஜில்லா தமிழ். சொல்லுங்க பாப்பம்."

"வருது டீச்சர். ஆனா முதல் வரி எழுதினவங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலை" என்றேன். அந்த எல்லைச் சண்டையில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஈஸ்டர் முடிந்து பரீட்சை எழுதினேன். மீன் ஏறவில்லை, ஒரு யானை பறந்தது. பறக்கட்டும் என்று எழுதிவிட்டு வந்தேன். வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் தபால் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் நான் போக ஓர் இடம் இருந்தது. கர்த்தருக்கே மகிமை.

அதோடு தனிமை தீர்ந்தது என்று எழுதினால் பொய்ச்சாட்சி ஆகும். ஹாஸ்டலில் அதைவிடத் தனியாக இருந்தேன். இன்றைக்கும் என் வீட்டில் நான் ஒருத்திதான். எல்லை ஒருவழியாக முடிவானபோது சில ஊர்கள் மதராஸ் பக்கம் போயின, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. நானும் இங்கேயே நின்று, தெலுங்கு கற்று, வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களுக்காகப் பேசுகிறேன். மாறியது ஒன்றுதான். கர்த்தர் என்னைக் கைவிட்டார் என்று ஒரு வரியை நானாக எழுதுவதை விட்டுவிட்டேன்.

இதைக் கேட்ட ஒரு பெரியவர், "நம் சபையில் ஆளில்லையா? விக்கிரகத்தை வணங்குகிறவள் மூலமாகவா கர்த்தர் பேசுவார்?" என்று கேட்டார். ஐயா, நம் சபையில் அன்று என்னிடம் பேச ஆளில்லை. அதுதான் உண்மை. கர்த்தர் ஆளைத் தேடினார், ஆள் கிடைத்தது.

சகோதரிகளே, சகோதரர்களே, இப்போது ஏதோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களே, உங்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஜெபியுங்கள். பதில் வரும். அது யார் கையெழுத்தில் வர வேண்டும் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.