லத்தீன் படிக்க வந்த பெண்கள்

யாராவது தானாக முன்வந்து லத்தீன் படிக்க வந்தால் எனக்கு உடனே மூக்கு வியர்க்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மொழியின் இலக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், லத்தீன் படிக்க யாரும் தானாக வருவதில்லை. வேறு பாடத்தில் இடம் கிடைக்காதவர்கள் வருவார்கள். குருமடத்தில் சேர்ந்து பாதிரியாராக உத்தேசம் இருப்பவர்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு பையன், பக்கத்து வகுப்புப் பெண்ணைப் பார்க்க என் வகுப்பு ஜன்னல்தான் வசதி என்று வந்து சேர்ந்தான். ரோமானியர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள், பார்ப்போமே என்று வந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

சந்தேகப்படுவது என் குணம் மட்டுமல்ல, தொழிலும் அதுதான். பழைய ரோமில் பண்ணை முதலாளிகளுக்காக எழுதப்பட்ட உழவு நூல்கள் என் ஆராய்ச்சித் துறை. அவற்றின் ஆசிரியர்கள் கைப்பட எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து யார் யாரோ பார்த்து எழுதிய படிகள்தான் மிச்சம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது ஆசிரியர் எழுதியது, இது பின்னால் எவனோ செருகியது என்று பிரிக்க வேண்டும். ஒரு வரி ரொம்பவும் வழவழவென்று பொருந்தி வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதற்காக எனக்கு டாக்டர் பட்டமே கொடுத்திருக்கிறார்கள்.

என்னைச் சந்தேகப்பட்டவர்களுக்கும் குறைவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு லத்தீன் எடுத்தால் சும்மா விடுவார்களா? நான் கோலம் போடக் குனிந்தால் எதிர் வீட்டு மாமி என் கழுத்தில் சிலுவை ஏதாவது ஆடுகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். கல்லூரியிலோ, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டு லத்தீன் எடுக்கிறவள் மனசில் என்ன வைத்திருக்கிறாளோ என்று பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் நான் விளக்கம் சொன்னதில்லை. குழம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கல்லூரி நெடுஞ்சாலையை ஒட்டி, சுங்குவார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. அதைத் தொடங்கிய பெரியவர் பாதிரியார் பள்ளியில் படித்தவர். லத்தீன்மேல் அவருக்கு ஒரு பக்தி. அவர் இருந்தவரை என் பாடத்தில் யாரும் கைவைக்கவில்லை. அவர் போனதும் மகன் தாளாளர் ஆனார். ஒரகடம் சாலையில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, காபி வரவழைத்தார். காபி வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“மேடம், இந்த வருஷம் ஒரு வகுப்பு அளவுக்குக்கூட ஆள் சேரலன்னா லத்தீன க்ளோஸ் பண்ணிடலாம். கம்பெனிங்கள்ல ஸ்போக்கன் இங்கிலீஷ்தான் கேக்கறாங்க. நீங்க அத எடுத்துக்கோங்க.”

வேலை போகாது, சரி. ஆனால் லத்தீன் போனால் நான் யார்? ஐம்பது வயதை நெருங்கும்போது ‘ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்’ என்று ஒப்பிக்க வைப்பதற்கா ராத்திரி பகலாக அந்தப் படிகளோடு மல்லுக்கட்டினேன்? வீம்புக்கு, பிற்பகல் மூன்றரைக்கு இலவச லத்தீன் சான்றிதழ் வகுப்பு என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினேன். யாரும் வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.

வந்தார்கள். ஒரு வகுப்பு நிறைய வந்தார்கள். எல்லாரும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள். முதல் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிற உள்ளூர் அம்மா ஒருத்தி உண்டு. வராந்தாவில் என்னை மடக்கி, “இன்னா மேடம், இதுங்க மூஞ்சியப் பாத்தா படிக்க வந்த மாதிரியா கீது? ஏதோ மேட்டர் கீது. உஷாரா இருங்க” என்றாள். என்னைப் போலவே யோசிக்கிற ஒரு ஆள் இருப்பதில் எனக்கு நிம்மதி.

முதல் நாளே கேட்டேன், “உங்களுக்கு எதுக்கும்மா லத்தீன்?”

முன்வரிசையில் இருந்த திருநெல்வேலிப் பெண், “சும்மாதான் மேடம். படிச்சா நல்லதுதான?” என்றாள். வழவழவென்று ஒரு பதில். எனக்கா தெரியாது?

மூன்றாவது வகுப்பிலேயே தலைகள் சாய ஆரம்பித்தன. இரண்டு வாரத்தில் மொத்த வகுப்பும் மேஜைமேல் கவிழ்ந்து தூங்கியது, ஒரே ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவாள். மறுநாள் அவள் தூங்குவாள். வேறொருத்தி விழித்திருந்து தலையாட்டுவாள்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தாளாளர்தான் இவர்களை அனுப்பியிருக்கிறார், பார்த்தீர்களா, வகுப்பே தூங்குகிறது என்று நாளைக்கு என் முகத்தில் அடிப்பதற்கு என்று ஒருநாள் தோன்றியது. விழித்திருப்பவள் அவருடைய உளவாளி. கம்பெனியில் சங்கம் வைப்பது பற்றி ஊரில் பேச்சு அடிபட்டதும், சரி, இது ரகசியக் கூட்டத்துக்கு ஒரு சாக்கு என்று மாற்றிக்கொண்டேன். ஆனால் குறட்டை விட்டுக்கொண்டு யார் கூட்டம் போடுவார்கள்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே அவர்கள் கண்ணில் படாமல் நானும் ஏறி, அவர்கள் இறங்கிய சுங்குவார்சத்திரத்திலேயே இறங்கினேன்.

டீக்கடைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. படிக்கட்டில் என் மாணவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே போகாமல். திருநெல்வேலிப் பெண் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“மேடம், நீங்க எங்கன இங்க?”

“அத நான் கேக்கணும். வூட்டு வாசல்ல எதுக்கு உக்காந்திருக்கீங்க?”

அவள் கதவை மெல்லத் திறந்து காட்டினாள். பாயில் இடைவெளியே இல்லாமல் பெண்கள் படுத்திருந்தார்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள். அதே அறை, அதே பாய்.

“அவங்க சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எந்திரிப்பாங்க மேடம். அதுக்குப் பொறவுதான் எங்களுக்கு எடம். எங்களுக்கு ரெண்டு மணிக்கே ஷிஃப்ட் முடிஞ்சிரும், ஆறு வரைக்கும் எங்க போவ? பஸ் ஸ்டாப்புல நின்னா பயலுவ ஒரு மாதிரி பாக்கானுவ. வல்லக்கோட்டை கோயிலுக்குப் போனோம், நடை சாத்திருந்துச்சு. உங்க வகுப்புல ஃபேன் ஓடுது, கதவச் சாத்துதீங்க.”

“ஏன், டவுன்ல இங்கிலீஷ் டியூஷன் எடுக்கற எடத்துலயும்தான் ஃபேன் ஓடுது.”

“அங்க கேள்வி கேப்பாங்கல்லா மேடம்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை வருஷப் படிப்பு கடைசியில் ஒரு மின்விசிறிக்கும் கதவுக்கும்தானா? “என் பாடம் உங்களுக்குத் தாலாட்டா? அப்ப ஒருத்தி மட்டும் எதுக்கு முழிச்சுக்கிட்டு நடிக்கிறீங்க? யாரு சொல்லிக்கொடுத்தது?” என்று கத்தினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “யாரும் சொல்லல மேடம். நீங்க தொண்டத்தண்ணி வத்தப் பேசுதீங்க. எல்லாரும் உறங்குனா உங்களுக்கு வருத்தமா இருக்கும்லா. அதான் ஒரு நாளைக்கு ஒருத்தி முழிச்சிருக்கணும்னு முறை வச்சிருக்கோம்.”

ஒரு விஷயத்துக்கு நான் ஆயிரம் காரணம் யோசிப்பவள். இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன். கரும்பலகையில் சுண்ணக்கட்டி கீச்சிடாமல் எழுதப் பழகினேன். அன்றைய முறைக்காரிக்கு மட்டும் கதை சொல்வதுபோலத் தமிழில் சொல்லி, நடுநடுவே லத்தீனை வாசிப்பேன். மழை நாளில் பண்ணை ஆட்களைச் சும்மா உட்காரவிடாமல் கொட்டகைக்குள் என்ன வேலை வாங்கலாம் என்று ஒரு முதலாளிக்குச் சொல்லும் பகுதி வந்தது. முறைக்காரி அடக்க முடியாமல் கேட்டாள்: “மேடம், இத எழுதுனது எங்க சூப்பர்வைசரா?” தூங்குகிறவர்கள் எழுந்துவிடக்கூடாதே என்று நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல வகுப்புகள் அவைதான்.

பிறகு ஒருநாள் கதவு திறந்தது. தாளாளர் நின்றார். மேஜைமேல் கவிழ்ந்திருந்த தலைகளைப் பார்த்தார்.

“ரோமானியர்கள் நூலை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேப்பாங்க சார். கண்ண மூடிக் கேட்டாத்தான் ஓசை புடிபடும்” என்றேன்.

“குறட்டையும் சேர்த்தா மேடம்?” என்றார்.

அந்த வாரமே லத்தீனை மூடிவிட்டார்கள். அவரிடம் போட்டுக்கொடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்குகிற அம்மா மேல் ஒரு கண் உண்டு. கேட்டதற்கு, “நா எதுக்கு மேடம் சொல்லப்போறேன்?” என்றாள். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

அடுத்த மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கியது. கம்பெனியே ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. உள்ளே போனால் என் பெண்களில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் கம்பெனியின் ஹெச்.ஆர். ஆள் ஒருவர், யார் கவனிக்கிறார்கள், யார் கவனிக்கவில்லை என்று பார்ப்பதற்கு. பெண்கள் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடித்து வந்த கண்கள் சிவந்து கிடந்தன. அரை மணி நேரம் நான் கேள்வி கேட்டேன், அவர்கள் எழுந்து நின்று பதில் சொன்னார்கள்.

திருநெல்வேலிப் பெண் கையைத் தூக்கினாள். “மேடம், கொஞ்சம் லத்தீன் எடுங்களேன்.”

இருபது வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். எதற்குக் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. பின்வரிசைக்காரர் நிமிர்ந்தார். “லத்தீனா? அது இன்னாத்துக்கு மேடம்?”

“இங்கிலீஷுக்கு அஸ்திவாரமே அதுதான் சார்.”

“அப்டியா. சரி, எடுங்க. எல்லாரும் நல்லா கவனிங்க” என்று சொல்லி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரு பகுதியைத் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன். ஒருத்தி விடாமல் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு வகுப்புக்காகத்தான் நான் அத்தனை வருஷம் ஏங்கினேன். தூங்குங்கடி என்று வாய்வரை வந்தது. அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒருத்தி தூக்கம் வராமல் இருக்கத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தாள்.