மூக்கர் சொன்னால் சரிதான்

களிமண் முற்றத்தில் நாய் வளர்ப்பவர்கள் பாவம். மழை பெய்தால் நாய் நாலு காலிலும் சேற்றை அப்பிக்கொண்டு நேராகக் கட்டிலில் ஏறும். அப்போதுதான் அவர்களுக்கு எங்கள் ஞாபகம் வரும். நானும் என் அக்காவின் கணவரும் பிளாஸ்டிக் புல் விரிப்பவர்கள். களிமண் எதையும் உள்ளே இறங்கவிடாது. அதனால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி இறுக்கி, துளை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, அதற்கு மேல்தான் புல்லை விரித்து ஓரமெல்லாம் நீள ஆணி அடிக்க வேண்டும். சில பிரகஸ்பதிகள் வெறும் களிமண் மேலேயே பாய் விரிப்பதுபோல் விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாய் பெய்த மூத்திரமெல்லாம் அடியிலேயே தேங்கி ஊறும். வெயில் ஏறியதும் வீடே நாறும்.

அந்த மாதிரி வீடுகளில்தான் அத்தானுக்கு மவுசு. முற்றம் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. தவழ்ந்துகொண்டே மோந்து பார்த்து, “இங்க வெட்டு” என்பார். வெட்டினால் அங்கே களி கறுப்பாகக் குழைந்து கிடக்கும். ஊரே அவரை மூக்கர் என்றது. எங்கள் தொழில் நின்றதே அந்த மூக்கின் மேல்தான். அவருடைய கோபமும் அதே இடத்தில்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தார். எழுந்தபோது வாசனை போயிருந்தது. சோப்பும் சாக்கடையும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. இதை அவர் என்னிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் மூச்சுவிடவில்லை. மூக்கில்லாத மூக்கரை எவன் கூப்பிடுவான் என்ற பயம். வேலைக்குப் போன இடத்தில், “நாயைக் கொஞ்சம் அவுத்து விடுங்க” என்பார். அது எந்த மூலையை முதலில் மோந்து பார்க்கிறதோ அந்த மூலைக்குத் தவழ்ந்து போவார். நாய் தப்புமா? நான் பக்கத்திலேயே நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் அக்கா ஆணியை மிதித்தாள். அவர் பையிலிருந்து விழுந்த புல் ஆணிதான். அக்காவுக்குச் சர்க்கரை முற்றிப் பாதம் மரத்துப்போய் வெகுநாளாயிற்று. ஆணி ஏறியதே தெரியாமல், தரையில் ரத்தத்தைப் பார்த்து “யாருக்கு அடிபட்டுச்சு?” என்று கேட்டிருக்கிறாள். மருத்துவமனையில் கட்டுப் போட்ட நர்ஸ், “வாடை வந்தா உடனே வந்துடணும், அதான் முக்கியம்” என்றார்.

“அதுக்கு இவரைவிட ஆள் வேணுமா?” என்று அக்கா சிரித்தாளாம்.

வேலை முடிந்து வந்து தினமும் அவர்தான் கட்டு மாற்றினார். பார்த்துப் பார்த்துத்தான் செய்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். மேலே தோல் மூடிக்கொண்டு வந்தது. உள்ளே புரையோடியது. அடிப்பாதம் கறுத்ததை மருந்துக் கறை என்று நினைத்தாராம். அக்காவுக்கே ஒருநாள் சந்தேகம் வந்திருக்கிறது.

“ஏங்க, ஏதோ வாடை வரல?”

அவர் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். “மருந்து வாசனைதான்.”

“எனக்கு என்னமோ…”

“என் சட்டையில நாய் வாடை. வேற என்ன?”

அவளும் விட்டுவிட்டாள். ஊருக்கே சொல்கிற மூக்கு சொல்லும்போது தன் மூக்கை எவள் நம்புவாள்?

வேலைக்கு மட்டும்தான் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர்கள் வீட்டுப் பக்கம் போய் நாளாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. அந்த அறையில் இருவரும் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனையில் அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“வீட்டுல ஒருத்தருக்குமா நாத்தம் தெரியல?” என்று டாக்டர் கேட்டார்.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. “இவர் தினம் மோந்து பார்ப்பாரு டாக்டர். இவர் மூக்குக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?”

அத்தானை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னார். கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது எனக்கு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அவகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான். என்னை நம்பித்தான் படுத்திருக்கா.”

நான் சொல்லவில்லை. காலைப் பறிகொடுத்தவளிடமிருந்து இதையும் பிடுங்க மனசு வரவில்லை.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்து அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். கட்டைப் பிரித்ததும் அவர் குனிவார். நான் பின்னால் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துத் தலையசைப்பேன். “சுத்தமா இருக்கு” என்பார். அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் தலையசைத்தேன்.

ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கட்டைப் பிரித்துக் குனிந்துவிட்டார். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

“சுத்தமா இருக்கு.”

உள்ளே கால் வைத்ததும் எனக்கு அது வந்தது. கொஞ்சம்தான். ஆனால் அதுவேதான்.

“அக்கா, நாறுது. கிளம்பு, டாக்டர்கிட்ட போகலாம்.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு எப்பப் பார்த்தாலும் அவசரம். அவரே இல்லங்கறாரு. நீ என்னடா நடுவுல மூக்கை நுழைக்கிற?”

நான் அத்தானைப் பார்த்தேன். இந்த முறை நான் எதற்கும் தலையசைக்கவில்லை. அவர் பழைய துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“அவன் சொல்றதுதான் சரி. எனக்கு ஒண்ணும் தெரியாது. என் மூக்கு செத்துப்போச்சு.”

“எப்ப இருந்து?” என்று அக்கா கேட்டாள்.

“அந்தக் காய்ச்சல்ல இருந்து.”

அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ஒரு காலில்லாத உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அத்தான் பின்னாலேயே ஓடிவந்து வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்ததும் அவள் அவர் முகத்தைப் பார்த்து, சத்தமே போடாமல், வழி கேட்பதுபோல் கேட்டாள்.

“அப்ப என் கால்?”