கும்புக்கன் ஆறு வரை நடந்த நாள்

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன் ஏற்றிய லொறி ஒன்று திரும்பும்போது என் ஸ்கூட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. பல வருடமாகிறது. அந்தக் கதையை நான் அதிகம் சொல்வதில்லை. கேட்பவர்கள் முகம் வாடிப்போவார்கள், பிறகு நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டிவரும். உகந்தையிலிருந்து கதிர்காமம் போகும் காட்டுப்பாதையில் நடந்த கதை என்றால் அப்படியில்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அந்தப் பாதையை வருடத்தில் சில நாட்களுக்குத்தான் திறந்துவிடுவார்கள். யானையும் கரடியும் உள்ள காடு. நான் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் வேலை. பஸ் நிற்கிற இடத்துக்கு அப்பால் நடப்பது அவருக்கு வீண்வேலை.

“உமக்கு விசரோ?”

“ஓம்” என்றேன்.

அதோடு வாக்குவாதம் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரை மணலில் நடந்து பழகினேன். வேலை முடிந்து வந்ததும் அதுதான். தார் ரோட்டில் ஒழுங்காக நிற்கிற பொய்க்கால் மணலில் தன் இஷ்டத்துக்குப் போகும். பாதம் புதையும், முழங்கால் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு தரம் விழுந்தேன். முதல் வாரம் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்த மனுசன் பிறகு தானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார். “நீர் காட்டுக்குப் போனா நான் வீட்டில இருந்து என்ன செய்யிறது?” என்றார்.

பொத்துவில் வரை பஸ்ஸில் போய், உகந்தை முருகனைக் கும்பிட்டு, மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டோம். முன்னால் ஒருவர் வேல் பிடித்துப் போவார், மற்றவர்கள் பின்னால். எல்லாரும் எல்லாருக்கும் ‘சாமி’தான். முதல் நாள் நடை சுகமாகவே போனது. காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளியில் தங்கினோம். நான் சொல்லவந்தது அதற்கு அடுத்த நாளை. அன்றைக்குக் கும்புக்கன் ஆற்றைத் தாண்டவேண்டும். அதோடு கிழக்கு மாகாணம் முடிகிறது, அக்கரை ஊவா.

விடியற்புறம் பாயில் இருந்தபடி காலைப் பூட்டினேன். சிலிக்கோன் உறையை உருட்டி ஏற்றி, அதற்கு மேல் பருத்தி சொக்ஸ், பிறகு கால். சுற்றியிருந்த பெண்கள் பார்க்காதமாதிரிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் நேரே வந்து குந்திக்கொண்டாள். களுவாஞ்சிகுடிப் பக்கம் இடியப்பம் அவித்து விற்பவள், என் வயதுதான் இருக்கும்.

“நோவுமா கா?” என்று காலைக் காட்டிக் கேட்டாள்.

“இப்ப இல்ல. பின்னேரம் கேளுங்கோ.”

அவள் பெரிதாகச் சிரித்தாள். அன்று முழுக்க என் பக்கத்திலேயே நடந்தாள்.

காலைவேளை நன்றாக இருந்தது. பாலை மரங்களும் வீரை மரங்களும் பாதைக்கு மேல் கூடி நின்றன. மயில் கத்தியது. யானை இலத்தி இன்னும் ஈரமாகக் கிடந்த இடங்களில் எல்லாரும் குரலை உயர்த்தி “அரோகரா” சொன்னார்கள். வெயில் ஏறியதும் மரங்கள் விலகிப்போய் முட்பற்றையும் சுடுமணலும் வந்தன. வியர்வை உறைக்குள் இறங்கியது. உறை வழுகினால் கால் உள்ளே ஆடும், ஆடினால் தோல் உரசும். பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போனேன். பிறகு ஒரு பாலை மரத்தடியில் இருந்துவிட்டேன்.

கழற்றிப் பார்த்தால் எலும்புக்கு மேலே ஒரு கொப்புளம், சிவந்துபோய். கணவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். கூட்டம் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது, பொழுதுபட முன்னர் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரவேண்டும். வேல் பிடித்தவரின் குரல் பற்றைகளுக்கு அப்பால் போய் மறைந்தது. இடியப்பக்காரி மட்டும் திரும்பி வந்து தன் பொட்டலத்தை இறக்கிவைத்தாள்.

அந்த நேரம் யாத்திரைக்காரருக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ட்ரெக்டர் பின்னால் வந்தது. ஓட்டிவந்த பொடியன் என் காலையும் பார்த்தான், பக்கத்தில் கிடந்த மற்றக் காலையும் பார்த்தான். உடனே இறங்கிப் பின்பெட்டியில் இடம் ஒதுக்கினான்.

“அக்கே, நகின்ன” என்றான். சிங்களத்தில் ஏறச் சொன்னான்.

“ஏறும்” என்றார் கணவர். “இவ்வளவு தூரம் நடந்ததே பெரிய விசயம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

உண்மைதான், ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலை இழந்த நாளிலிருந்து என்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்கும். கியூவில் முன்னால் விடுவார்கள். வீட்டு விசேசத்தில் கதிரையில் இருத்திவிட்டு என் தங்கச்சிமாரே எல்லா வேலையும் செய்வார்கள். எல்லாம் அன்பில்தான். ஆனால் உம்மால் முடியாதா, முயன்று பாரும் என்று ஒருத்தர் கேட்டு எத்தனை காலம்!

“எப்பா மல்லி, மம பயின் யன்னங்” என்றேன். வேண்டாம் தம்பி, நான் நடந்தே போறன் என்று. அவன் என் கணவரைப் பார்த்தான். கணவர் கையை விரித்தார். தம்பி எங்கள் போத்தல்களை நிரப்பித் தந்துவிட்டுப் போனான்.

கொப்புளத்துக்குத் துணி வைத்துக் கட்டினேன். உறையைத் துடைத்துக் காயவைத்து, சொக்ஸ் இன்னொன்று கூடப் போட்டு எழும்பினேன். முதல் சில அடிகள் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு வலிக்கும் எனக்கும் ஒரு பழக்கம் உண்டானது.

காட்டுக்குள் மூன்று பேர் மட்டும். ஒரு வளைவில் இடப்பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது, கிட்டத்தில். இடியப்பக்காரி கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். பற்றைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

“ஓடுறதெண்டா நீங்க ஓடுங்கோ” என்று கணவரின் காதுக்குள் சொன்னேன். “என்னைப் பார்க்கவேண்டாம்.”

“பேய்க்கதை கதையாதையும்” என்று என் கையை இறுக்கிப் பிடித்தார். இடியப்பக்காரி கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். கிளை முறிகிற சத்தம் மெல்ல மெல்ல அப்பால் போனது. நாங்கள் மூச்சுவிட்டதே பிறகுதான். அதற்குப் பின் அந்த மனுசி நடந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க என் கணவர்தான் கஷ்டப்பட்டார்.

ஆற்றங்கரைக்கு வரும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. கரை முழுக்கச் சனம். குளிக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், ஈரச் சேலையை மரத்தில் விரிக்கிறவர்கள். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். நடுவில் இடுப்பளவு தண்ணீர். முடியாதவர்களை இளந்தாரிகள் முதுகில் சுமந்துகொண்டு போனார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் என் முன்னால் வந்து குனிந்தார்.

“ஏறுங்க சாமி.”

“இல்லை சாமி, நான் கயிற்றைப் பிடிச்சு வாறன்.”

பொய்க்காலைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன். நனைந்தால் அதன் பூட்டுப் பழுதாகும். அவர் அதைத் துவாயில் சுற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னால், இரண்டு கையும் கயிற்றில், ஒரு கால் மணலில். தண்ணீர் ஏற ஏற உடம்பின் பாரம் குறைந்தது. நடு ஆற்றில் இழுவை இருந்தது. கயிறு வளைந்தது, நானும் வளைந்தேன். ஒரு கை விடுபட்டபோது கரையில் யாரோ கத்தினார்கள். மற்றக் கை விடவில்லை. குதித்து, நின்று, மறுபடி குதித்து, தண்ணீர் முழங்காலுக்கு வந்த இடத்தில் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். தவழ்ந்துதான் கரையேறினேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கரையில் நின்றவர்கள் “அரோகரா” என்றார்கள். அது எனக்கா, தலையில் ஒரு காலைச் சுமந்துகொண்டு ஏறிய என் மனுசனுக்கா என்று தெரியவில்லை.

பிறகு சோறும் பருப்பும் தந்தார்கள். காற்றுப்படக் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டேன். கொஞ்சம் தள்ளிக் கணவர் முன்பின் தெரியாத நாலு பேரைப் பிடித்துவைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். “என்ட மனுசி. வெள்ளவத்தையில இருந்து வந்தவ. ட்ரெக்டரில ஏறச் சொல்லியும் ஏறேல்ல.” தூரத்தைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னார். வேறு நாளென்றால் கூப்பிட்டுத் திருத்தியிருப்பேன். அன்று அவர் சொல்லி முடிக்கும் வரை காது கொடுத்துக் கேட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டு வாங்கினேன்.