வரேன்

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நல்ல அப்பாவாக இருந்து காட்டு என்றால் எவனால்தான் முடியும்? எனக்கு அப்படித்தான் ஒரு நாள் வாய்த்தது. மறுநாள் கல்கத்தாவின் அலிப்பூர் கோர்ட்டில் நீதிபதி என் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, கோடை விடுமுறைக்கு அப்பாவோடு சென்னைக்குப் போகிறாயா என்று கேட்கப் போகிறார். அவன் சரி என்றால் வருஷத்தில் ஒரு மாதமாவது எனக்குப் பிள்ளை உண்டு. மாட்டேன் என்றால் அதுவும் இல்லை. அலுவலகம் என்னைச் சென்னைக்கு மாற்றிவிட்டது. மாதக் கடைசிக்குள் நியூ டவுன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பையனிடம் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளையை நீதிபதி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். அவனாக மனசு வந்து சொல்ல வேண்டுமாம். நல்ல வக்கீல். ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த மனசை ஒரே பகலில் எப்படி வரவழைப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் அம்மா வங்காளி. ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டோம். ஒரே வீட்டில் இருக்க முடியாமல் பிரிந்தோம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அவள் கார்டன் ரீச்சில் தன் பெற்றோர் வீட்டில் இருந்தாள். காலையில் நான் போனபோது பையன் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றான். டாக்சியில் ஏறுமுன் அவளைத் திரும்பிப் பார்த்து "மா, ஆஷி" என்றான். அவள் "எஷோ" என்றாள். போகிறவன் வருகிறேன் என்கிறான், அனுப்புகிறவள் வா என்கிறாள். இந்த ஊரில் அப்படித்தான் விடைபெறுவார்கள். போகிறேன் என்று சொல்வது அபசகுனம். நம்மவர்களுக்கும் அதே பயம்தானே.

"எங்கப்பா போறோம்?"

"ஜூவுக்கு."

"அலிப்பூர் ஜூ!" என்று சீட்டிலேயே குதித்தான். அந்தப் பெயர் எனக்குக் கோர்ட். அவனுக்கு அது ஒட்டகச்சிவிங்கி இருக்கும் இடம்.

குளிர்காலத்து ஞாயிறு. பாதிக் கல்கத்தா ஆரஞ்சுப் பழப் பையோடு அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பறந்தேன். புலி, யானை, சிங்கம், பாம்பு வீடு என்று எதையும் விட்டுவிடக் கூடாது எனக்கு. நாளைக்கு அந்த நீதிபதி அம்மாள் கேட்கும்போது இவனுக்கு எது ஞாபகம் வரும் என்று யாருக்குத் தெரியும்? புலி தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து ஒரு கொட்டாவியாவது விட்டால் என்னவாம் என்று அதன் மேல் எனக்குக் கோபம் வந்தது. பையனோ நீர்யானைக் குட்டையை விட்டு நகர மாட்டேன் என்றான். நீர்யானையைப் பார்க்கவில்லை. அதன் தீனியை ஒரு காக்கா திருடிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"காக்கா நம்ம வீட்டுக்கே வருமேடா. வா, சிங்கம் பார்க்கலாம்."

"பா வலிக்குதுப்பா" என்றான். முதல் பா வங்காளக் கால். கடைசிப் பா நான். என் பிள்ளையின் தமிழ் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. என்னை விட்டால் அவனோடு தமிழ் பேச ஆளில்லை. நான் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

அவனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டேன். வயசுக்கு நல்ல கனம். கழுத்து ஒடிந்தாலும் இறக்கிவிட மனசில்லை.

விடியற்காலையில் எழுந்து தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வறுவலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எக் ரோல் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன். ஆளில்லாத தயிர்சாதத்தை நானே சாப்பிட்டேன். "சென்னையில பீச் இருக்கு தெரியுமா?" என்று காற்றோடு பேசுவது போல் எடுத்துவிட்டேன். அதில் வக்கீலுக்கு என்ன நஷ்டம்? "அங்க காக்கா இருக்கா?" என்று கேட்டான். "கூட்டங்கூட்டமா இருக்குடா தங்கம்" என்றேன். தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் தவித்தேன்.

வெளியே வந்தபோது ஒருவர் கூடையில் கூல் விற்றுக்கொண்டிருந்தார். நம்ம ஊர் இலந்தைப் பழம்தான், கொஞ்சம் பெரிசு. பையனுக்கு உயிர். ஒரு பொட்டலம் வாங்கி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பூஜோவுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுப்பா. பரீட்சையில ஃபெயில் ஆயிடுவேன்."

சரஸ்வதி பூஜையில் படைக்காமல் இங்கே எந்தப் பிள்ளையும் கூல் தொடாது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. நமக்குச் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு முடிந்துபோன சமாசாரம். இங்கே அது அடுத்த மாதம்தான்.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடுடா. நான் பார்க்கணும்."

"பூஜோ முடிஞ்சதும் உன் முன்னாடியே சாப்பிடுறேன்" என்று பொட்டலத்தை வாங்கிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். பூஜை வரும்போது நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக்சி தேடினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கொண்டுபோய் விட வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. கிதிர்ப்பூரில் வண்டி ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் போக்குவரத்து நெரிசலைக் கும்பிட்டேன்.

"அப்பா, நாளைக்கும் அலிப்பூர் போகணும்னு மா சொன்னா. திரும்பவும் ஜூவா?"

"இல்லடா, பக்கத்துல" என்றேன். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தெருவைப் பார்த்தான். வண்டி அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. கேட்டில் அவன் அம்மா நிற்பது தெரிந்தது. வக்கீலாவது மண்ணாங்கட்டியாவது!

"கண்ணா, லீவுல அப்பாகூட சென்னைக்கு வர்றியாடா?"

வண்டி நின்றது. அவன் கதவைத் திறந்து இறங்கினான். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி, குல்லாயைத் தூக்கிவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"வரேன்பா."

அட என் ராஜா! நான் அங்கேயே அழுதுவிட்டேன். டிரைவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நியூ டவுன் போய்ச் சேர்வதற்குள், இன்னும் பால்கூடக் காய்ச்சாத சென்னை வீட்டு முகவரிக்குச் சின்னக் கட்டில் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். வக்கீலுக்கும் போன் போட்டு, பையன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சொன்னேன்.

மறுநாள் நீதிபதி அவனை உள்ளே கூப்பிட்டு, சாக்லேட் கொடுத்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். வக்கீல் என்னைத் தூணோரமாக ஒதுக்கினார். சென்னைக்குப் போக மாட்டேன், அப்பா இங்கேயே வரட்டும் என்று சொல்லியிருக்கிறான். நீதிபதி இருமுறை கேட்டும் அதேதான்.

"நேத்து வரேன்னு சொன்னானே சார்!" என்று அந்த வங்காளியிடம் தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு தட்டுத்தடுமாறி அவர் பாஷையில் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "ஆஷ்போ என்றானா, ஆஷி என்றானா?"

வங்காளத்தில் அவை இரண்டு சொற்கள். ஆஷ்போ என்றால் உன்னோடு வருவேன். ஆஷி என்றால் போய் வருகிறேன். என் பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். பாவம், தமிழில் இரண்டுக்கும் அவனிடம் இருந்தது ஒரே வார்த்தை. அதுவும் நான் கொடுத்தது. என் கேள்வி அவன் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். படிக்கட்டுக்குப் போனவன் அம்மாவின் கையை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான். பையில் கூல் பொட்டலம் இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, வரேன்."

போயிட்டு வா என்றுதான் நான் சொல்ல வேண்டும். 'போயிட்டு' என்பது வாயில் வரவே இல்லை.

"வா" என்றேன். "வாடா."

வா என்றுதான் கூப்பிட்டேன். அவனோ விடை கிடைத்துவிட்டது என்று தலையை ஆட்டிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.