ஜெபல் அலியில் பனி

பனி என்ற ஒரு சொல்லால் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எட்டு வயதுப் பிள்ளை. ரொறன்ரோவில் தாயோடு, மாமன் வீட்டில் இருக்கிறாள். நான் வளைகுடாப் பாலைவனத்தில், ஜெபல் அலித் துறைமுகத்தில், உறைந்த மீனும் கோழியும் அடுக்கிவைக்கும் குளிர்க் கிடங்கில் வேலை. விசா வந்ததும் நானும் அங்கே போவதாகப் பேச்சு. பேச்சுத்தான்.

அவளோடு கதைக்க எனக்கு விஷயமே கிடையாது. பள்ளிக்கூடம் எப்படி என்றால் "ஓகே". சாப்பிட்டியா என்றால் "ம்". பிறகு என்னத்தைக் கேட்பது? ஆனால் அந்தக் குளிர்காலம் ரொறன்ரோவில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது.

"அப்பா, காரே மூடிப்போச்சு! ஏன் இந்த முறை இவ்வளவு ஸ்னோ?"

ஏன் என்று கேட்டாள் பாருங்கள், எனக்கு அது போதும். எங்கள் அறையில் ஆறு பேர், ஆறு ஃபோன், ஆறு சுவர்ப்பக்கம். டியூட்டி முடிந்து வந்து நானும் என் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, வானிலை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பசிபிக் கடல் குளிர்ந்து கிடந்தால் காற்றின் பாதை வளைகிறது என்றார் ஒருவர். ஆர்க்டிக் சூடாவதுதான் காரணம் என்றார் இன்னொருவர். அது இன்னும் நிச்சயமில்லை என்றார் மூன்றாமவர். அட, உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வாருங்களேன், பிள்ளை காத்திருக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சொன்னேன். "வடதுருவத்தைச் சுத்தி ஒரு காத்து வளையம் இருக்கு பிள்ளை. குளிரை அதுதான் அங்கை பிடிச்சு வைச்சிருக்கு. மேல்வானம் திடீரெண்டு சூடாகினா அது தளர்ந்துபோகும், மாமா இடுப்பிலை கட்டுற சாரம் மாதிரி. பிறகென்ன, குளிரெல்லாம் வழுகி உங்கட தலையிலைதான்."

சாரத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்னோ எண்டு சொல்லாதை, பனி எண்டு சொல்லு" என்று தமிழும் படிப்பித்தேன். கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை இங்கே மூட்டம் போட்டது. கடல் பக்கமிருந்து வெள்ளைப் புகைபோல வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஃபோனில் வாய் தவறவில்லை, சரியான தமிழ்தான் பேசினேன். "இஞ்சையும் இண்டைக்குச் சரியான பனி பிள்ளை. முன்னுக்கு நிக்கிற லொறியே தெரியேல்லை."

யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் மார்கழி மூட்டம் என்று விளங்கியிருப்பார்கள். என் பிள்ளைக்கு நான் படிப்பித்த பனி ஒன்றே ஒன்று.

மறுநாள் மனைவி ஃபோனில் அழைத்தாள். "என்னப்பா சொன்னனீங்கள் பிள்ளைக்கு? அப்பாவின்ரை பாலைவனத்திலை ஸ்னோ கொட்டுது எண்டு வகுப்பிலை சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரிச்சுப்போட்டினம். பொய்க்காரி எண்டவையாம்."

"நான் பனி எண்டுதானே சொன்னனான்!"

"அதைத்தானே அவளும் சொன்னவள்?"

அதன்பிறகு பிள்ளை ஃபோனுக்கு வரவில்லை. படிக்கிறாள், குளிக்கிறாள், நித்திரை என்று தாய்தான் சொல்வாள். ஞாயிறுகள் கழிந்தன. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இவ்வளவு தூரத்தில் இருக்கும் தகப்பனுக்குக் குரல் மட்டும்தானே இருக்கிறது, அதையும் பொய் என்றால் என்ன மிச்சம்?

பிறகொரு காலை மறுபடி மூட்டம். கொள்கலன் இறக்க உறைகிடங்கின் பெரிய கதவைத் திறந்துவைத்திருந்தோம். வெளியே இருந்த ஈரக்காற்று உள்ளே போனது. போனதும் கதவுக்கு மேலிருந்து வெள்ளைத் தூளாக, மெல்ல மெல்ல, என் தோளில் விழுந்தது. ஐயோ, பனி! என் பனி உள்ளே போய் அவளுடைய பனியாக விழுகிறது!

"பாய், தர்வாஸா பந்த் கரோ, ஜல்தி!" என்று, கதவை உடனே மூடச் சொல்லிச் சூப்பர்வைசர் கத்தினார். நான் கையுறையைக் கழற்றி ஃபோனை எடுத்தேன். விரல் விறைத்துப்போனது. அவளுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டே பேசினேன்: "பிள்ளை, அண்டைக்கு அப்பா சொன்னது மூட்டத்தை. அதுக்கும் தமிழிலை பனிதான். ஆனா இதைப் பார், இது உங்கட பனி. உங்கட ஏரி உறையாமல் கிடக்கேக்கை அதுக்கு மேலாலை குளிர்காத்து போய், ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இப்பிடித்தான் கொட்டுது. வகுப்பிலை காட்டு. நீ பொய்க்காரி இல்லை."

அந்த ஞாயிறு அவளே அழைத்தாள். ஏரியைப் பற்றிச் சொல்ல நான் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்பா, வீடியோவிலை உங்கட மீசையெல்லாம் வெள்ளை. அதுக்குள்ளையோ இருக்கிறியள்?"

"வேலை அங்கைதானே குஞ்சு."

"வேலை முடிஞ்சாப் பிறகு உங்களோடை ஆர்?"

எங்கள் அறையின் ஆறு சுவர்ப்பக்கங்களும் நினைவுக்கு வந்தன. பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஒருத்தரும் இல்லை."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப கதவைத் திறந்து வெளியிலை வாங்கோவன், அப்பா."

"வாறன்" என்றேன். விசா இன்னும் பேச்சுத்தான். அவள் நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.